கதீஜா நாயகியைப் பற்றிப் பேசினேன்

அன்புள்ள உம்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் மூட்டுவலி தேவலையா? ஈப்போவில் நான் நலம்.

மீலாது கூட்டத்தில் பெண்களுக்கு நபிகள் நாயகம் (ஸல்) வரலாறு பேசினேன். என்னைப் போலவே விதவையான கதீஜா நாயகி தாமே ஆளனுப்பி மணம் பேசியதைச் சொன்னதும், என்னோடு உணவகத்தில் வேலை செய்யும் சக்கீனா, “அப்ப நீங்களும் ஆள் அனுப்புங்க லா, அக்கா! யாரு மாப்ள?” என்றாள் இந்த ஊர்ப் பேச்சில். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இங்கே கடை வைத்திருக்கும் ஷரபுதீன் ஆளனுப்பியதும், வாப்பா என்னைக் கேட்காமலே மறுத்ததும் அவர்களுக்குத் தெரியாது. அவருக்குப் போன மாதம் வேறிடத்தில் நிக்காஹ் முடிந்தது. விதவையின் சம்மதம் கேட்கச் சொன்னவர் நபிகள் என்று வாப்பா ஆண்டுதோறும் பள்ளிவாசலில் பேசுகிறார்.

நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்புங்கள். தனியாகச் சாப்பிட எதுவும் இறங்கவில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது. இந்தக் கடிதத்தை வாப்பாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

மகள்,
மஹ்மூதா