மேல் துளை

மேல் கம்பியை ஒரு துளை உயர்த்திப் பூட்டினேன், அத்தான். வண்டி ஏறிவிட்டது.

பேரன் விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்த வண்டி இது. கையிலுள்ள ரிமோட்டை அழுத்தினால் கல்லிலும் மேட்டிலும் ஏறுமாம். நம் கிணற்றடிக் கல்லுக்குவியல் உங்களுக்குத் தெரியுமே, கிணறு வெட்டியபோது எடுத்துப் போட்ட வெள்ளைக்கல். அதில் பாதி உயரம் போனதும் வண்டியின் பின்பக்கம் துள்ளி, முன்சில்லு வானத்தைப் பார்த்து, மல்லாக்க விழுந்தது. "இது சரிவராது, அம்மம்மா" என்று போட்டுவிட்டு அவன் விமானம் ஏறிவிட்டான். அதன் பிறகுதான் அதைக் கவிழ்த்துப் பார்த்தேன். பின் அச்சைப் பிடித்தபடி கீழே இரண்டு கம்பி, மேலே இரண்டு கம்பி. மேல் கம்பியின் முன்முனைக்கு மூன்று துளைகள், பூட்டியிருந்தது நடுத்துளையில். நீங்கள் அன்று செய்த அதே அமைப்பு, அத்தான்.

எண்பத்தைந்தில் சவூதியிலிருந்து வந்தபோது எல்லோருக்கும் சேலையும் சவர்க்காரமும் கொண்டுவந்தீர்கள். உங்களுக்கென்று கொண்டுவந்தது அந்த நீல ஜீப் ஒன்றுதான். சீமெந்துத் தரையில் ஓடுவதற்கென்று செய்த விளையாட்டுச் சாமான். நீங்கள் விடுவீர்களா? பின் ஸ்பிறிங்கைக் கழற்றி எறிந்துவிட்டு, சைக்கிள் கம்பியை வெட்டி நான்கு கம்பி செய்தீர்கள். பிஸ்கற் பேணித் தகட்டில் ஆணியால் மூன்று துளை போட்டீர்கள். "உந்தக் கல்லிலை ஏத்திக் காட்டுறன், பார் மச்சாள்!" நாற்பதைத் தாண்டிய மனிதர்! நானும் அப்போது அக்காவோடும் உங்களோடும்தானே இருந்தேன். ரியூசன் படிப்பித்துவிட்டு வந்தால் சைக்கிளை நிறுத்தக்கூட விடாமல் கூப்பிடுவீர்கள். எனக்கும் ஆசைதான். ஆசையில்லாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வந்து குந்துவேன்.

துளை விஷயத்தில்தான் சண்டை வந்தது.

"கீழ்த் துளையிலை பூட்டினால் ரெண்டு கம்பியும் முன்னுக்குக் கிட்டக் கிட்ட வருது, பாரன். சில்லு உந்தேக்கை பின்பக்கம் துள்ளும். மேலை பூட்டுவம்" என்றீர்கள்.

"துள்ளினால்தானே அத்தான் ஏறும்? நான் பௌதிகம் படிச்சனான்" என்றேன்.

என்னோடு வாய் கொடுத்து வென்றவர் யார்? "சரி, உன்ரை துளையிலையே பூட்டுவம்" என்று விட்டுக்கொடுத்தீர்கள்.

ஞாயிறு பின்னேரம் அயலட்டை முழுக்கக் கிணற்றடியில் நின்றது. அக்கா தேத்தண்ணித் தட்டோடு நின்றார். ஜீப் பாதிக் கல்லில் துள்ளியது, மல்லாந்தது. திரும்ப விட்டீர்கள். திரும்பவும் மல்லாந்தது. துளை என்னுடையது என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. நீங்களும் சொல்லவில்லை. ஆனாலும் எல்லோரும் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. வெட்கத்தை மறைக்க வாய் முந்திக்கொண்டது.

"பிள்ளையில்லா வீட்டிலை கிழவன் துள்ளி விளையாடினானாம்!"

ஊரில் எடுத்ததற்கெல்லாம் சொல்கிற பழமொழிதான். சொல்லி முடித்த பிறகுதான் யார் வீட்டில் நிற்கிறேன் என்று உறைத்தது. ஒரு பிள்ளைக்காக நீங்கள் இருவரும் ஏறி இறங்காத கோயில் இல்லை. சனம் சிரித்தது. அக்கா தட்டைக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டு உள்ளே போனார். நீங்களும் சிரித்தீர்கள். "சரியாத்தான் சொன்னாய், மச்சாள்" என்றீர்கள். பிறகு ஜீப்பைத் துடைத்து, பற்றறிகளைக் கழற்றி, பெட்டிக்குள் வைத்து மூடினீர்கள்.

அதற்குப் பிறகு அதை நீங்கள் எடுக்கவேயில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. யுத்தத்தில் பொருளாதாரத் தடை போட்ட காலத்தில் ஒருநாள் துணிந்து, "அத்தான், ஜீப்பை எடுங்கோவன், மேல் துளையிலை பூட்டிப் பாப்பம்" என்றேன். "பற்றறிக்கு எங்கை போறது, பிள்ளை?" என்றீர்கள். ஊரில் பற்றறி இல்லைத்தான். உங்களுக்கும் எனக்கும் நல்ல சாட்டு. எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்றைக்கும் என்மேல் எனக்கே அருவருப்பு. தொண்ணூற்றைந்தில் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குப் போன மழையில் காய்ச்சல் கண்டு, அங்கேயே கண்ணை மூடிவிட்டீர்கள். நாங்கள் திரும்பி வந்தபோது கதவு நிலைகூட மிஞ்சவில்லை, ஜீப் எங்கே மிஞ்சும்? கல்லுக்குவியலை மட்டும் ஒருவரும் தூக்கிக்கொண்டு போகவில்லை. அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது இந்த வீட்டில் நான் மட்டும்தான்.

இன்று காலை, நீங்கள் சொன்னபடி மேல் துளையில் பூட்டி விட்டேன். துள்ளவில்லை, அத்தான். நாலு சில்லும் கல்லைக் கவ்விப் பிடித்து, ஆமை மாதிரி ஊர்ந்து, உச்சியில் போய் நின்றது. தனியே நின்று கை தட்டிவிட்டேன். பக்கத்து வீட்டுக்குப் போன வருடம் கலியாணம் முடித்து வந்த பெட்டை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"என்ன ஆச்சி, பிள்ளையில்லா வீட்டிலை கிழவி துள்ளி விளையாடுறாவோ?"

பாவம், அவளுக்கு என்ன தெரியும்? பேரன் போய்விட்ட வீடு என்றுதான் பகிடி விட்டாள்.

"ஓம் பிள்ளை, சரியாத்தான் சொன்னாய்" என்று நானும் சிரித்தேன். எனக்குப் பிள்ளையும் உண்டு, பேரனும் உண்டு. அப்படியிருந்தும் அந்தச் சிரிப்பை வாய்க்குக் கொண்டுவர எவ்வளவு பாடு, அத்தான்!

அவள் உள்ளே போய்விட்டாள். பற்றறியைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை. வண்டியைக் கீழே இறக்கி, மறுபடி ஏற்றினேன்.