லேப்டாப்புக்குத் தாவத் தெரியாது

ஆகஸ்ட் 18, ஞாயிறு
சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வந்தால் ரூபேந்திரன் போன். எங்கள் இசைக்குழுவின் தலைவர், கீபோர்டு வாசிப்பவர். "ரபேல், கோவிச்சுக்காதீங்க லா. இனிமே பேஸ் லேப்டாப்லயே வந்துரும். எப்படியும் பேஸ் யாருக்கும் கேக்குறதில்லையே."

கேட்கிறதில்லையாம்! சிகாமட்டிலிருந்து குளுவாங் வரை நான் பேஸ் கிட்டார் வாசிக்காத கல்யாண மண்டபம் உண்டா? வாங்கிய நாசி லெமாக் சோற்றைக்கூட முடிக்கவில்லை.

ஆகஸ்ட் 19, திங்கள்
பேஸ் இல்லாவிட்டால் நான் யார்? டயர் கடை ரபேல். அவ்வளவுதான். அழுகையாக வருகிறது. எழுதிவிட்டேன், போதும்.

ஆகஸ்ட் 21, புதன்
அலமாக்! செல்வாவை மறந்தே போனேனே!

எங்கள் பாடகன் செல்வாவுக்குக் குரல் தேன். ஆனால் பொறுமை கிடையாது. இடையிசை முடியும் முன்பே சரணத்தைத் தொடங்கிவிடுவான். நான் சட்டென்று பேஸில் அவன் பாடும் இடத்துக்குத் தாவுவேன், என் பின்னால் மற்றவர்களும் வந்துவிடுவார்கள். கேட்பவர்களுக்குத் தெரியாது. செல்வாவுக்கே தெரியாது.

லேப்டாப் தாவுமா?

ரூபேந்திரனிடம் சொல்லலாமா? கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லையே!

ஆகஸ்ட் 24, சனி
என் மனைவி டொரத்தியின் தொழிற்சாலை சூப்பர்வைசர் புஷ்பவள்ளி வீட்டுக் கல்யாண விருந்து, வரும் சனிக்கிழமை. வாசிப்பது நம்ம குழுதான். நம்ம என்று எழுதிவிட்டேன் பார்.

"உங்களுக்குக் கஷ்டமா இருந்தா நான் மட்டும் போறேங்க" என்றாள் டொரத்தி.

"சேச்சே, போலாம். மேடைக்கு முன்னாலயே உக்காரலாம்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

ஆகஸ்ட் 31, சனி
பேஸை காரின் பின்பெட்டியில் வைத்தேன். "சாப்பிடப் போற எடத்துக்கு அது எதுக்கு?" என்றாள். "வீட்ல தனியா இருந்தா பயப்படும்" என்றேன்.

முதல் மேசை. மட்டன் பெரட்டல் அருமை. டிரம்ஸ் சுகுமாறன் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு லேப்டாப்போடு ஒட்டி வாசித்தான். டூயட் வந்தது. இடையிசை. வா ராசா, வா...

வந்தான்! வழக்கம்போல் முந்திக்கொண்டு! செல்வா சரணத்தில், லேப்டாப் இன்னும் இடையிசையில், ரூபேந்திரன் இரண்டுக்கும் நடுவில். ஆடிக்கொண்டிருந்த பெண்கள் காலைத் தூக்கியபடியே நின்றார்கள். சிரிப்பை அடக்க முடியாமல் எனக்குப் புரையேறியது. ரூபேந்திரன் மேடையிலிருந்து என்னை வரச்சொல்லிக் கையை ஆட்டினார். நான் தட்டைக் காட்டினேன், சாப்பிடுகிறேன் என்று.

அடுத்த பாட்டும் அப்படியே. அப்போதுதான் புஷ்பவள்ளியைப் பார்த்தேன். முகம் செத்துப்போயிருந்தது. பாவம், மகள் கல்யாணம். கையைக் கழுவிக்கொண்டு பேஸை எடுக்கக் காருக்கு ஓடினேன்.

அதற்குப் பிறகு கடைசிப் பாட்டு வரைக்கும் ஒரு நாற்காலியிலும் ஆள் இல்லை, எல்லாரும் ஆட்டத்தில்.

செப்டம்பர் 1, ஞாயிறு
ரூபேந்திரன் போன். "அடுத்த வாரம் லாயாங் லாயாங்ல ஒரு விருந்து. நீங்க வாங்க. லேப்டாப் வராது." டைரியைப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். இந்த டைரியில் என்ன இருக்கிறது? ஆனாலும் கொஞ்சம் தவிக்கட்டும்.

செப்டம்பர் 4, புதன்
சுகுமாறன் டயர் மாற்ற வந்தான். செல்வாவின் ரகசியத்தை அவனிடம் பெருமையாக அவிழ்த்துவிட்டேன். இத்தனை வருடமாக நான்தான் அவனைத் தூக்கிச் சுமக்கிறேன் என்றேன்.

"தெரியும்ணே" என்றான். "உங்கள யார் சுமக்கிறான்னு தெரியுமா?"

"என்னடா சொல்ற?"

"குத்துப் பாட்டு வந்தா நீங்க தாளத்த விட்டு வேகமா ஓட ஆரம்பிச்சிருவீங்க. நான்தான் மூச்சு வாங்க பின்னாலயே ஓடி வரேன். அன்னிக்கு லேப்டாப்கூட வாசிச்சப்பதான் எனக்குக் கால் வலிக்கல."

காற்றடித்துக்கொண்டிருந்த டயரையே பார்த்துக்கொண்டு நின்றேன். "ஏன்டா இத்தன நாளா சொல்லல?"

"நீங்க கேக்கலையேண்ணே."

செப்டம்பர் 6, வெள்ளி
போனில் தாளம் ஓடாமல் பிடித்து நிறுத்தும் மெட்ரோனோம் செயலியை இறக்கியிருக்கிறேன். அறைக்குள் டிக் டிக் என்று என்ன சத்தம் என்று டொரத்தி கேட்டாள். கடிகாரம் என்றேன்.