எந்த மட்டை கனம்?

அன்பு பூமாரிக்கு,

நான் சுகம். நீயும் அத்தையும் சுகம்தானே?

மும்பை செம்பூரில் எங்கள் விளையாட்டுச் சாமான் கடையில் இப்போது, டென்னிஸ் மாதிரி வலைக்கு இருபுறமும் நின்று ஆடும் பிக்கிள்பால் மட்டைதான் அதிகம் போகிறது. புதிதாக ஆடப்போகும் ஓர் அம்மா விலை குறைந்ததாக ஒன்று கேட்டார். பானை வாங்குவதுபோல் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, நல்ல சத்தம் வந்த மரமட்டையைக் கொடுத்தேன். மறுநாளே மணிக்கட்டில் கட்டோடு வந்துவிட்டார். முதலாளி இனாயத்துல்லா பாய், "ரூமுக்கு ரெண்டு மட்டைய கொண்டுபோயி ஆடிப் பாரும்வே, அப்பதான் தெரியும்" என்று சிரித்தார்.

மரம் மலிவு, ஆனால் கனம். ஃபைபர் லேசு, விலைதான் கொஞ்சம் கூடுதல். எதைக் கொடுப்பதென்று எனக்கு விளங்கவில்லை. நீ தினமும் பிடிக்கும் தோசைக் கரண்டியைத் தராசில் வைத்து எடையை எழுது. உன் கை தாங்கினால் யார் கையும் தாங்கும்.

எதிரே நின்று ஆட இங்கே ஆளில்லை. ரூமுக்குக் கொண்டுவந்ததில் இரண்டாவது மட்டையின் உறையை இன்னும் பிரிக்கவில்லை. நீ வந்து பிரி. கடைக்கு நேரமாகிவிட்டது.

சுடலைக்கண்ணன்