கூப்பிடாத விசேஷம்

ஞாயிறு, இரவு.

பழங்காநத்தம் பூங்காவில் இன்று எங்கள் கலைக்குழு நடத்திய இலவசக் கலை நிகழ்ச்சிக்கு எங்கள் நண்பர்கள் மட்டுமே வந்தார்கள். பறைச் சத்தம் கேட்டுத் தெருவே வேலியோரம் கூடியது. ஆனால் ஒருவரும் உள்ளே வரவில்லை.

வாசலில் பூக்கட்டும் முத்தக்காவிடம் கடுப்பாகவே கேட்டேன்.

"அனைவரும் வருகன்னு போர்டு வச்சிருக்கோமே, பாக்கலையாக்கா?"

"போர்டு கூப்பிட்டுச்சு. நீ வந்து கூப்பிட்டியாத்தா? கூப்பிடாத விசேஷத்துக்கு எப்படி வாரது?"

வீட்டுக்கு வந்த பிறகும் கோபம் தணியவில்லை. இப்போது அது என் மேல்தான்.

நாளை காலை வெற்றிலை பாக்கு, குங்குமத் தட்டோடு வீடு வீடாகப் போகிறேன். அத்தனை தெருவும் ஏறி இறங்குவேன். முதலில் முத்தக்கா வீடு. அடுத்த ஞாயிறு நிகழ்ச்சிக்கு அவர் உள்ளே வந்து உட்காரும்வரை யாரும் பறையைத் தொடக் கூடாது.