பாத்துக்கிட்டுதான் இருந்தேன்

மார்ச் 3
முதியோர் இல்ல விசாரணைக்கான மொழிபெயர்ப்பை முடித்துக் கொடுத்தாயிற்று. கட்டிலிலிருந்து விழுந்த பெரியவருக்கு இடுப்பெலும்பு முறிவு. அவருக்குப் பணிவிடை செய்யும் பெண்ணின் வாக்குமூலம், ஒன்பது நிமிட ஒலிப்பதிவு. ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். கழுத்து வலி.

மார்ச் 6
விசாரணைக் குழுத் தலைவர் போனில் பாராட்டினார். என் மொழிபெயர்ப்பால் எல்லாம் தெளிவாகிவிட்டதாம். முதல் வரியில் பார்த்துக்கொண்டு நின்றேன் என்கிறாள், அடுத்த வரியில் தண்ணீர் எடுக்கப் போயிருந்தேன் என்கிறாள், பொய்க்காரி. புதன்கிழமை வேலையிலிருந்து நீக்கிவிடுவார்களாம்.


மார்ச் 7
அடுப்பில் பாலை வைத்து, இவரிடம் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன். வந்தால் மேடையெல்லாம் பால்.
"பாத்துக்கிட்டுதான் இருந்தேன். போன் வந்துச்சு, எடுத்துட்டு வர்றதுக்குள்ள பொங்கிடுச்சு."
பார்த்துக்கொண்டிருந்தால் எப்படிப் பொங்கும் என்று கேட்க வாயெடுத்தேன். துடைக்கிற துணி கையிலேயே நின்றுவிட்டது.
அவள் சொன்னதும் இதேதானே. நான் 'வாட்ச்' என்று போட்டேன். 'லுக் ஆஃப்டர்' அல்லவா? முதல் சொல்லில் அவள், அவர் விழுவதை வேடிக்கை பார்த்தவள். இரண்டாவதில் பொறுப்பில் இருந்தவள்.

மார்ச் 8
ஒலிப்பதிவை ஏழு முறை கேட்டேன். எந்த அர்த்தத்தில் சொல்கிறாள் என்பது தெளிவில்லை. அவள்மேல் இரக்கப்பட்டு எனக்கு வேண்டியதைக் கேட்கிறேனோ?
குழுவில் தமிழ் தெரிந்தவர் யாருமில்லை. நான் வாயை மூடிக்கொண்டால் அவ்வளவுதான். அதுதான் பயமா இருக்கு. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு திருத்தம்கூட அனுப்பியதில்லை. அனுப்பினால் இனி யார் என்னை நம்புவார்கள்?

மார்ச் 9
அனுப்பிவிட்டேன். சாப்பிடப் பிடிக்கவில்லை.

மார்ச் 11
நேரில் கூப்பிட்டார்கள். அவளையும். நாற்பது வயதிருக்கும், என் முகத்தையே பார்க்கவில்லை. பார்த்தேன் என்றால் கண்ணாலா என்று கேட்டேன்.
"கண்ணால எப்படிம்மா? நான்தான் ரூம்லயே இல்லியே. பதினோரு மாசமா அவரை நான்தானே பாத்துக்கறேன். அதைத்தான் சொன்னேன்."
அதைக் குழுவுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். என் பிழை என்பதையும் சேர்த்துச் சொன்னேன். தலைவர் பேனாவை மூடினார். முடிவைப் பிறகு சொல்வார்களாம்.

மார்ச் 19
அந்த அலுவலகத்தின் அடுத்த வேலை வேறொருவருக்குப் போயிருக்கிறது. எதிர்பார்த்ததுதான்.
அவளுக்கு என்னவாயிற்று? யாரும் சொல்லவில்லை.

மார்ச் 26
இல்லத்துக்குப் போன் செய்தேன். எடுத்த பெண் தமிழ்தான். அவள் பெயரைச் சொல்லி, இன்னும் அங்கே இருக்கிறாளா என்று கேட்டேன்.
"இருக்காங்களே. ஆனா இப்ப வர முடியாதுங்க. பெரியவரைப் பாத்துக்கிட்டு இருக்காங்க."
எந்தப் 'பாத்துக்கிட்டு' என்று நான் கேட்கவில்லை.