இலை போட்ட சோப்பும் என் மோதிர விரலும்

திங்கள், 7 ஜூலை

காலையிலிருந்து தூறல். குடை இல்லை, தலையில் பிளாஸ்டிக் பை. பஸ் ஸ்டாப்பில் ஒருத்தன் சிரித்தான். அவன் தலைதான் முழுக்க நனைந்திருந்தது. சிரிக்கட்டும்.

தோல் டாக்டரம்மா எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். அஞ்சாங்கிளாஸோடு நின்ற எழுத்து. தங்கவயலில் எனக்குப் பாடம் எடுத்த டீச்சர் பார்த்தால் மயங்கி விழுவார். டாக்டரம்மா சொன்னது:

- ஒரு நேரத்தில் ஒரே சோப்பு.
- கை எப்படி என்று தினமும் நோட்டில்.
- இரண்டு வாரம் கழித்து நோட்டோடு வரணும்.
- ஆறவில்லை என்றால் பாத்திரம் தேய்க்கிற வேலையே கூடாது.

கடைசியைச் சீட்டில் களிம்பு பேர் எழுதிக்கொண்டே சொன்னார், கொசு கடித்த மாதிரி லேசாக. கையுறை போடலாமே என்றார். ஒரு மாசம் போட்டேன். உள்ளே வியர்த்து இன்னும் வெந்ததுதான் மிச்சம்.

இனி சோ. என்றால் சோப்பு, மோ. என்றால் மோதிரம். முழுசாக எழுத விரல் வலி.

சோ: பச்சை பார். கை: விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு. மோ: விரல் வீங்கிக் கழற்றி மூன்று மாசம். போட்டுப் பார்த்தேன், மூட்டில் நிற்கிறது.

செவ்வாய், 8

பாத்திரம் தேய்ப்பது சுமா அக்கா வீட்டில் மட்டும். ஹலசூர் ஏரிப் பக்கம் அபார்ட்மெண்ட், நாலாவது மாடி. ஏழு வருஷம். இன்னொரு வீட்டில் பெருக்கித் துடைப்பதோடு சரி. சுமா அக்கா காலேஜ் டீச்சர், கன்னடக்காரர். என்னோடு தமிழில் தொடங்குவார், பாதியில் கன்னடத்தில் இறங்கிவிடுவார்.

அபார்ட்மெண்ட் லிஃப்டில் நோட்டீஸ். ஏரியெல்லாம் நுரைக்கிறது, கெமிக்கல் சோப்பு வேண்டாம், இயற்கை சோப்பு வாங்குங்கள். அக்கா மூன்று நாளாகப் போனில் சோப்பு தேடுகிறார், பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுகிற மாதிரி.

"இதுல பாஸ்பேட் இல்ல, கலர் இல்ல. ஆனா வாசனை சேத்திருக்கான். பேடா, வேணாம்."

"மாப்பிள்ளைக்கு வாசனை இருந்தா நல்லதுதானே அக்கா?"

"சும்மா இரு அமுதா. எல்லாத்துக்கும் இலைப் படம் போட்டுடறான். எது நிஜம்னே தெரியல."

வாங்கி வைத்திருந்தது ஒரு எலுமிச்சை பாட்டில். மேலே இலை மூன்று. பின்னால் பொடி எழுத்தை அக்கா கண்ணாடி போட்டுப் படித்தார். எலுமிச்சை அதில் எங்கேயும் இல்லை, வாசனைத் தூள் மட்டும்.

சோ: எலுமிச்சை இல்லாத எலுமிச்சை. கை: எரிச்சல், பச்சை பாரை விட அதிகம். மோ: இல்லை.

வியாழன், 10

வெயில் எட்டிப் பார்த்துப் போனது. மூன்றாவது மாடிக்காரம்மா ஆரஞ்சுத் தோல், வெல்லம், தண்ணீர் போட்டு மூன்று மாசம் ஊறவைத்த பாட்டில் ஒன்று அக்காவுக்குக் கொடுத்திருக்கிறார். மூடி திறந்தேன். மூடி மேலே சீலிங்குக்குப் போய்விட்டது. கள்ளுக்கடை வாசனை.

"அக்கா, இத தேய்க்கவா, குடிக்கவா?"

தேய்த்தேன். வெடிப்பில் மிளகாய் வைத்த மாதிரி. ஒரு தட்டோடு கொட்டிவிட்டேன்.

மத்தியானம் பெரிய அட்டைப்பெட்டி வந்தது. இரண்டு ஆள் தூக்கினார்கள். துணி மெஷினா என்று கேட்டேன்.

"இல்ல, பாத்ரெ தொளெயோ மெஷின். பாத்திரம் கழுவறது."

"அப்போ நான் ஊறுகாய் போடவா அக்கா?"

நான்தான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. பெட்டியைச் சுற்றி இரண்டு தடவை பெருக்கினேன், குப்பையே இல்லாத இடத்தில்.

வெள்ளி, 11

தூக்கம் சரியில்லை. நாட்டுமருந்துக் கடையில் பூந்திக்கொட்டை வாங்கினேன். பட்டுப் புடவைக்கு ஆகுமாம், என் கைக்கு ஆகாதா? கொட்டை எடுத்துவிட்டு, ஊறவைத்து, கொதிக்கவைத்து, வடிகட்டி. வீடு பூராவும் கஷாய வாசனை. இவர் ஆட்டோ சாவியோடு வாசலில்.

"இன்னாம்மே, யாருக்கு ஒடம்பு?"

"எனக்குச் சக்களத்தி வந்துருக்கா. அவளுக்கு விருந்து."

"எனக்குத் தெரியாமலா? எப்டி இருப்பா?"

"வெள்ளையா, சதுரமா. வயித்துல பாத்திரம் வெச்சுப்பா."

"பரவால்ல, உன்ன மாதிரி பேச மாட்டா."

அக்கா வீட்டில் அந்தத் தண்ணீரில் தேய்த்தேன். கடாய் எண்ணெய்க்கு இரண்டு தடவை வேண்டும். கண்ணில் பட்டால் எரியும். கையில் எரியவில்லை! எரியவே இல்லை. அக்கா முகர்ந்து பார்த்து, "ஏ, இது நம்ம அண்ட்வாளகாய்!" என்றார், கன்னடத்தில் அதன் பேர். இரண்டு பாட்டில் கேட்டார். கொடுத்தேன்.

சோ: பூந்திக்கொட்டை. கை: அமைதி. மோ: இன்னும் இல்லை.

சனி, 12

மெஷினை மாட்ட ஆள் வந்தான். இதற்கென்று இருக்கிற சோப்பு மாத்திரைதான் போட வேண்டும், வேறு எதையும் ஊற்றக் கூடாது என்று மூன்று தடவை சொன்னான். அக்கா பாஸ்பேட் இல்லாத மாத்திரைக்குச் சொல்லியிருக்கிறார், புதன்கிழமைதான் வருமாம்.

பால்கனி துடைக்கும்போது அக்கா தங்கையோடு போனில். "பாத்ரெகெ இன்மேலெ யாரூ பேக்காகல்ல." பாத்திரத்துக்கு இனிமேல் யாரும் தேவைப்படாது. ஏழு வருஷமாகக் கன்னடம் கேட்கிறேன், இதற்கு டியூஷன் வேண்டியதில்லை.

துடைக்கிற துணி அப்படியே நின்றது. பிறகு துடைத்தேன். துடைத்த அடுப்பையே திரும்பத் துடைத்தேன். வீட்டுக்கு வந்தும் உட்கார முடியவில்லை. பக்கத்து வீட்டு ஜெயந்தியைக் கிண்டல் பண்ணினேன், அவள் முகத்தைத் தூக்கிக்கொண்டாள். கை இப்போதுதான் ஆற ஆரம்பிக்கிறது. ஆறி என்ன செய்ய?

கை: நல்லது. கேட்க ஆள் இல்லை.

ஞாயிறு, 13

லீவு நாள். பத்து மணிக்கு அக்கா போன். குரல் ஒரு மாதிரி. "அமுதா, உடனே வா, ப்ளீஸ்."

ஓடினேன். சமையலறை வாசலில் அக்கா, நைட்டி முட்டி வரை நனைந்து. மெஷின் கதவு இடுக்கிலிருந்து வெள்ளை நுரை. தரை, மேட், கேஸ் சிலிண்டர் கால், எல்லாம் நுரை. கதவைத் திறந்தால் இன்னும் பொங்கி வருகிறது.

"என்னத்த ஊத்துனீங்க?"

"உன் அண்ட்வாளகாய்... இயற்கைதானே, ஒண்ணும் ஆகாதுன்னு. ஒரு டம்ளர்."

"ஒரு கடாய்க்கு ஒரு கரண்டி போதும் அக்கா! ஏரி நுரைக்குதுன்னு சோப்ப மாத்துனீங்க, ஏரி இப்ப வீட்டுக்கே வந்துடுச்சு பாருங்க."

அழப்போன அக்கா சிரித்துவிட்டார். தண்ணீர் ஊற்ற வந்தார், தடுத்தேன். ஊற்றினால் இன்னும் பொங்கும். பருப்பு பொங்கினால் என்ன செய்வோம்? ஒரு சொட்டு எண்ணெய். நல்லெண்ணெயைச் சுற்றிலும் தெளித்தேன், உள்ளேயும் கொஞ்சம். நுரை உஸ்ஸென்று படுத்தது.

கடைசியாக மெஷினுக்குள்ளிருந்து வெளியே எடுத்தது: தோசைக்கல். பல வருஷமாகப் பழக்கி எண்ணெய் குடித்த கல். மெருகெல்லாம் போய்விட்டது. நான் கிளம்பும்போது அதன் மேல் மஞ்சள் துரு.

திங்கள், 14

மேகம். வாய் அடங்கவில்லை, கேட்டுவிட்டேன்.

"அக்கா, போன்ல சொன்னீங்களே, பாத்திரத்துக்கு இனிமே யாரும் வேணாமா?"

அக்கா கரண்டியை வைத்தார். "கேட்டியா? உன் கைக்காகத்தான் வாங்கினேன். ரத்தம் வர கையை நான் எத்தனை நாள் பாக்கறது?"

"கைக்கு நல்லது அக்கா. கை போக மீதி ஆளு எங்க போறது?"

நான் கிண்டலாகச் சொன்னதுதான். முதல் தடவையாக என் கிண்டலுக்கு யாரும் சிரிக்கவில்லை, நானும்தான். அக்கா ஜன்னலைப் பார்த்தார். யோசிக்கிறேன் என்றார். காபி ஆறிப் போனது, இரண்டு பேருக்கும்.

சோ: அதே. கை: இடது கை மூடிவிட்டது, வலது பாதி.

செவ்வாய், 15, புதன், 16

அக்கா இன்னும் யோசிக்கிறார். இவரிடம் எரிந்து விழுந்தேன். தோசைக்கல்லைத் தேய்த்து, காயவைத்து, வெங்காயம் பாதி வெட்டி எண்ணெய் தடவி அடுப்பில் பழக்குகிறேன். மூன்றாவது நாளில் கறுப்பு திரும்புகிறது. கை: நன்றாக. மோ: பார்க்க மனசில்லை.

வியாழன், 17

மாத்திரை ஒரு நாள் தள்ளி வந்தது. பாஸ்பேட் இல்லை, வாசனை இல்லை, பிளாஸ்டிக் உறை கூட இல்லை. அக்கா மெஷினை ஓட்டினார். சத்தமே இல்லை, சக்களத்தி நல்ல பிள்ளை. டம்ளரெல்லாம் பளிச்.

பிறகு அக்கா தொட்டியருகே ஒரு கூடை வைத்தார், அதற்கு ஆகாததை அதில் போடச் சொல்லி. மாத்திரை டப்பாவில் படித்துப் படித்துச் சொன்னார், நான் போட்டேன்:

- தோசைக்கல், இரும்புக் கடாய்
- குக்கர், அலுமினியம் கறுத்துவிடுமாம்
- இட்லித் தட்டு, அதுவும்
- மரக்கரண்டி, சப்பாத்திக் கட்டை
- பித்தளை விளக்கு, செம்புத் தண்ணீர்க்குடம்
- கைப்பிடி கழன்ற சட்டி இரண்டு

கூடை நிறைந்து பக்கத்தில் பக்கெட் ஒன்று. மெஷினுக்குள் தட்டு, டம்ளர், ஸ்பூன்.

"அக்கா, மெஷின் ஆபீசர் வேலை பாக்குது."

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார், "ஏத்தறது, எறக்கறது, இந்தக் கூடை, எல்லாம் நீதான். வேலை அப்படியே. ஆனா பச்சை பார் இந்த வீட்டுக்குள்ள வரக் கூடாது. கை ஆறலேன்னா நானே நிறுத்திடுவேன்."

சரி என்றேன். கூடையிலிருந்து முதலில் தோசைக்கல்லை எடுத்தேன்.

திங்கள், 21

ஆஸ்பத்திரி பெஞ்சில் எழுதுகிறேன். வெளியே தூறல். டோக்கன் பதினாலு, இப்போது பதினொன்று.

இந்த நோட்டை டாக்டரம்மாவிடம் எப்படிக் காட்டுவது? ஊறுகாய், சக்களத்தி, கள்ளு, எல்லாம் இருக்கிறது. கடைசித் தாளைக் கிழித்து நாலு வரி தனியாக எழுதினேன். பச்சை பார்: ஆகாது. எலுமிச்சை: ஆகாது. ஆரஞ்சுத் தோல்: ஆகவே ஆகாது. பூந்திக்கொட்டை: பத்து நாள், எரிச்சல் இல்லை. மீதி எனக்கு.

பக்கத்தில் ஒரு அம்மா என் கையை எட்டிப் பார்த்து, "ஆறிடுச்சு போல?" என்றார். டாக்டரம்மா சொல்லட்டும் என்றேன்.

பன்னிரண்டு.

புடவை முந்தானை முடிச்சை அவிழ்த்தேன். மோதிரம். விரலில் விட்டேன். மூட்டில் கொஞ்சம் யோசித்தது. பிறகு உள்ளே போய்விட்டது, சோப்பு போடாமலே.

பதிமூன்று.