தென்கரைப் பேறுமணியும் அலங்காளின் எருமையும்

நெளியாற்றின் வடகரை வாழ்க. குடிக்கும் தண்ணீர் ஒன்றே என்பதால் தென்கரையும் வாழ்க. மரத்திலிருந்து விழும் மாங்காயும் தம் பெயரைச் சொல்லியே விழப்பெற்றவரும், குடிகளின் நற்பேறு அனைத்துக்கும் தாமே காரணர் என்று தாமே பறையறைவித்தவருமான தென்கரை வேந்தர் ஊழ்வென்ற பெருங்கோ அவர்களின் திருமுன்புக்கு, வடகரை முதலமைச்சன் நன்னாகன் எம் மன்னர் ஆணைப்படி பணிந்து விடுக்கும் ஓலை.

எம் நாட்டுத் தயிர்க்காரி அலங்காளை உடனே அழைத்துக்கொள்ளுமாறும், அவளால் தாங்கள் கண்ணயர்ந்தே பல நாளாயிற்று என்றும் எழுதியிருந்தீர்கள். படித்து மிகவும் வருந்தினோம். அவையோர் சிலர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய் வருந்தினார்கள்.

தங்களுக்குச் சொன்னவர்கள் பாதியை விழுங்கியிருப்பார்கள் என்பதால், நடந்ததை முழுதாகச் சொல்வது எம் கடமை. தென்கரையில் யாருக்கு நல்லது நடந்தாலும் கோட்டை வாசலுக்கு ஓடி, பேறுமணியை அடித்து, "மன்னர் புண்ணியம்" என்று கூவ வேண்டும். கூவாதவரின் பேறு அரண்மனையைச் சேரும் என்பது தாங்கள் கண்ட வழக்கம். பனையிலிருந்து வைக்கோற்போரில் விழுந்து பிழைத்தவன் நொண்டிக்கொண்டே வந்து அடித்தான். பல்வலி தானாக நின்றவனையும் காவலர் இழுத்து வந்தார்கள். தொலைந்த மூக்குத்தி கத்தரிக்காய்க் குழம்பில் கிடைத்த ஒரு மருமகளோ, நல்லது நடந்ததென்று அக்கம்பக்கத்தார் சந்தேகப்படக் கூடாதே என்று கதவைச் சாத்திக்கொண்டு ஒப்பாரி வைத்தாளாம்.

அலங்காளுக்கு இதெல்லாம் தெரியாது, பாவம். அவளுக்குத் தெரிந்தது ஓர் எருமை. அது கறந்தால்தான் அவள் வீட்டில் அடுப்பெரியும். அந்தச் சினை எருமையை வெள்ளம் அடித்துக்கொண்டு போனபோது கரையோரமாகவே அழுதுகொண்டு தேடினாள். பிறகு பரிசலேறித் தங்கள் கரைக்கு வந்தாள். அங்கே நாணல் மேட்டில் எருமை நின்றது. மடியை ஒரு கன்று முட்டிக்கொண்டிருந்தது! கன்றைக் கட்டிக்கொண்டு, "எங்க வேலாத்தா காப்பாத்திட்டா!" என்று ஊர் கேட்கக் கூவினாள். ஊர் கேட்டதோ இல்லையோ, தங்கள் காவலன் கேட்டுவிட்டான். மன்னர் புண்ணியத்தைச் சாமிக்குக் கொடுத்த குற்றத்துக்காக எருமையும் கன்றும் அரண்மனைத் தொழுவத்தைச் சேர்ந்தன.

பால் அரண்மனைப் பாயசத்துக்குப் போக, கன்று வற்றிய மடியை முட்டுவதை அலங்காள் வேலிக்கு வெளியே நின்று பார்த்தாள். தொழுவ அதிகாரி, மணியை அடித்து மன்னர் புண்ணியம் என்று சொல்லிவிட்டால் எருமையை விடுவிப்பதாகப் பலர் முன்னிலையில் வாக்களித்தார். அவரும் நல்லது செய்வதாகத்தான் நினைத்திருப்பார்.

மணிக்கயிற்றைப் பிடித்து அவள் கூறியதை மாற்றாமல் பொறிக்கிறேன், நடையைப் பொறுத்தருள்க. "மாடு கெடைச்சது மன்னர் புண்ணியம்னா, மாடு ஆத்தோட போனது யாரு புண்ணியமாம்? அதுவும் அந்த மவராசன் புண்ணியந்தான்!" ஓங்கி ஓர் அடி. "கன்னுக்குட்டி பாலில்லாம கத்துதே, மன்னர் புண்ணியம்!" இன்னோர் அடி. "நான் பட்டினியா நிக்கேனே, மன்னர் புண்ணியம்!"

நல்லதுக்கு மட்டுமே அந்தக் கயிற்றைத் தொட்டுப் பழகிய தங்கள் குடிகள் முதலில் பதறினார்கள். பிறகு வரிசையில் நின்றார்கள். நெல் அழுகியவன் அடித்தான். சுவர் இடிந்தவன் அடித்தான். வெள்ளத்தில் மகனைப் பறிகொடுத்தவளோ, கயிற்றைப் பிடித்ததும் விடாமல் அடித்துக்கொண்டே இருந்தாளாம். அந்த ஓசை எம் கரைக்கும் கேட்டது.

அலங்காளை அழைத்துவர ஆள் அனுப்பினோம். எருமையில்லாமல் ஓர் அடி நகரமாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிட்டாள். அவள் மணியை அடித்தாள். சொல்லச் சொன்னதைச் சொன்னாள். கொஞ்சம் தாராளமாகவே சொன்னாள். ஆகவே தங்கள் வழக்கப்படியே எருமை அவளுடையது. ஒன்றை மறைப்பானேன்? தங்கள் மணியின் புகழ் கேட்டு எம் மன்னரும் ஒரு சமயம் ஆசைப்பட்டு, வெண்கலம் என்ன விலை என்று விசாரித்தார். இப்போதெல்லாம் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

எனவே, இவ்வோலை கண்டதும் எருமையையும் கன்றையும் பிரிக்காமல் பரிசல் துறையில் அலங்காளிடம் ஒப்படைக்க வேண்டியது. அவள் வந்துவிடுவாள். வரிசையில் நிற்கும் மற்றவர்கள் தங்கள் குடிகள். அவர்களை அழைத்துக்கொள்ள எமக்கு உரிமையில்லை.

எருமையைக் கட்டி ஓட்டிவரத் தூதன் கையில் நல்ல புதுக்கயிறு ஒன்று கொடுத்தனுப்பியிருக்கிறோம். மன்னர் புண்ணியத்தால் அது வரிசையில் நிற்பவர்கள் கைக்குப் போகாமல் எருமைக்கு மட்டுமே பயன்படும் என்று நம்புகிறோம்.

இப்படிக்கு, வடகரை மன்னர் நாரை முத்திரை பதித்து, நன்னாகன் எழுத்து.